வேடியப்பன் வைத்த புள்ளி

உக்காருங்க சார், எழுந்திரிக்காதீங்க. நீங்களும் சீட் மாறிட்டா பெங்களூர் வரைக்கும் நான் யார் முகத்தப் பாத்துப் பேசிக்கிட்டு வர்றது? பையில ஒண்ணும் இல்ல சார். மாம்பழம். கடைசிக் காய்ப்பு நீலம். அடியில எம் பொண்ணுக்கு ரெண்டு நைட்டி, ஒரு பாட்டில் நார்த்தங்கா ஊறுகாய். மேல இந்தப் பொட்டலம். இந்தப் பொட்டலத்துக்குத்தான் இத்தனை கலவரம்.

போன்ல எம் பொஞ்சாதிகிட்ட நான் என்ன சொன்னேன்? "வேடியப்பன் பொட்டலம் பத்திரமா இருக்குடி"ன்னு சொன்னேன். வேடியப்பன் எங்க குலதெய்வம் சார். கிருஷ்ணகிரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். கண்டக்டருக்குச் சேலம் பக்கமாம். அவர் காதுல "வெடியுப்புப் பொட்டலம்"னு விழுந்துருக்கு! ஓடற பஸ்ஸ நிறுத்திப்புட்டாரு. அந்த முன்சீட்டு அம்மா குழந்தையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கே இறங்கிட்டாங்க. அப்புறம் பொட்டலத்தப் பிரிச்சு, விபூதிய எடுத்து, கண்டக்டர் நெத்தியிலயே பூசி விட்டேன். இப்ப பாருங்க, சாந்தமா டிக்கெட் கிழிக்கிறாரு.

பொண்ணு கேட்டா சார். "அப்பா, வரும்போது ஒரு பொட்டலம் எடுத்துட்டு வாங்க, ஹாஸ்டல்ல எல்லாருக்கும் காட்டணும்"னா. லைன் கரகரன்னு இருந்துச்சு, ஆனா எனக்குப் புரிஞ்சுபோச்சு. வேடியப்பன் விபூதிதான். விபூதிய எதுக்குக் காட்டணும், பூசத்தானே வேணும்னு கேக்கலாம்னா அதுக்குள்ள போன வெச்சுட்டா.

ஆனா கண்டக்டர் சொன்னதுல ஒரு வேடிக்கை இருக்கு. வெடியுப்பும் எங்க வீட்டுச் சமாச்சாரம்தான். சிரிக்காதீங்க! பட்டாசுக்காரன் இல்ல நான், மாந்தோப்புக்காரன். மாதப்பன்னு பேரு. எண்பது மரம். பாதி பெங்களூரா, பாதி நீலம், வேலி ஓரமா நாலு செந்தூரா வீட்டுக்கு. நீங்க மாம்பழம் சாப்பிடுவீங்கல்ல? இந்தாங்க. புடிங்க சார். கத்தி எல்லாம் வேணாம், நுனியக் கடிச்சு உறிஞ்சுங்க.

போன தை மாசம் பூராவும் ஒரு மரம்கூடப் பூக்கல சார். பக்கத்துத் தோப்புல எல்லாம் குலை குலையாப் பூ. என் தோப்புல இலை. பச்சைப் பசேல்னு, தளதளன்னு, ஒண்ணுக்கும் ஆகாத இலை. போறவன் வர்றவன் எல்லாம், "என்ன மாதப்பா, இந்த வருஷம் மாவிலைத் தோரணம் ஏவாரமா?"ங்கிறான்.

அப்பதான் எம் பொண்ணு வெண்ணிலா லீவுல வந்தா. கெமிஸ்ட்ரியில எம்எஸ்சி கடைசி வருஷம். தோப்ப ஒரு சுத்து சுத்திட்டு வந்து, "அப்பா, வெடியுப்பு அடிக்கலாம்"னா. ஏய், மரத்துக்கு வெடி வெக்கச் சொல்றியான்னு துண்ட உதறிக்கிட்டு எழுந்திரிச்சிட்டேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. உரக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி மூட்டையக் காட்டினா. கடைக்காரன் அதை 'பதிமூணு ஜீரோ நாப்பத்தஞ்சு'ங்கிறான், இவ பொட்டாசியம் நைட்ரேட்டுங்கிறா. ஊர் வாயில அதுதான் வெடியுப்பு. லிட்டருக்குப் பத்து கிராம், இலை மேல அடிச்சா, தூங்கற மொட்டு முழிச்சுக்குமாம்.

அன்னிக்கு ஆரம்பிச்சவதான் சார். காலையில காப்பி குடிக்கிறப்ப வெடியுப்பு, மத்தியானம் சோறு பிசையறப்ப வெடியுப்பு. எனக்கு அத்தனையும் மனப்பாடம். கேளுங்க, சொல்றேன். பாக்கறதுக்குச் சாதா உப்புதான். நாக்குல வெச்சா முதல்ல ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் கரிக்கும், கடைசியில லேசாக் கசக்கும். பக்கெட் தண்ணில கெட்டியாக் கரைச்சீங்கன்னா பக்கெட் வெளிப்பக்கம் வேர்க்கும் சார், ஐஸ் போட்ட சோடா மாதிரி! நான் கையை விட்டுக் கலக்கி, விரல் மரத்துப்போயி, ஐயோ எந்த விஷத்தையோ தொட்டுட்டேன்னு கத்தி, மரகதம், எம் பொஞ்சாதி, மோர்க்கரண்டியோட ஓடியாந்தா. "கரையறதுக்குச் சூடு வேணும்பா, அதைத் தண்ணிகிட்ட இருந்து எடுத்துக்குது"ன்னு வெண்ணிலா அங்கயே கிளாஸ் எடுக்கிறா.

அப்புறம், இது எங்கிருந்து வருது? அந்தக் காலத்துல ஆட்டுப்பட்டியிலயும் மாட்டுத்தொழுவத்துச் சுவர்லயும் வெள்ளையாப் பொரிஞ்சு கிடக்குமே, அதைச் சுரண்டி, அடுப்புச் சாம்பல் சேத்து, தண்ணி ஊத்தி வடிகட்டி, காய்ச்சி ஆற வெப்பாங்களாம். ஊசி ஊசியா இறங்கும். இப்ப ஆலையில வேற வழி. ரெண்டு வேற வேற உப்பைச் சுடுதண்ணில ஒண்ணாப் போட்டா, ஜோடி மாத்திக்குமாம். இதோட பாதி அதுக்கு, அதோட பாதி இதுக்கு. அடேங்கப்பா, உப்புக்குள்ளயும் கல்யாணத் தரகரா, உனக்கு ஒரு நல்ல வரன் பாத்துக் குடுக்கச் சொல்லுன்னேன். அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பவே நான் கவனிச்சிருக்கணும்.

பல் கூச்சத்துக்கு விக்கிற பேஸ்ட்டுல சிலதுல இதுதான் சார். உங்களுக்குக் கூச்சம் இருக்கா? மாம்பழம் சாப்பிடறப்பக் கண்ணை மூடினீங்களே, அதான் கேட்டேன். பட்டாசுல இது, திரியில இது. ஆனா ஒண்ணு, தனியாப் போட்டுப் பத்த வெச்சா இது எரியாது. மத்ததை எரிய வெக்கும். உள்ள காத்தைப் பூட்டி வெச்சிருக்குமாம், பக்கத்துல எரியறது எதுவோ அதுக்கு மூச்சு குடுக்குமாம். எங்க மச்சானும் அப்படித்தான். எந்த வீட்டுச் சண்டையிலயும் அவன் வாயத் திறக்க மாட்டான், ஆனா அவன் வந்து உக்காந்தா சண்டை நல்லா புடிச்சுக்கும்.

தெளிச்சு முடிச்ச அன்னிக்கு இன்னொரு கூத்து. என் தோள் துண்டு அந்தத் தண்ணில நனைஞ்சு நனைஞ்சு, காய்ஞ்சு, மொடமொடன்னு ஆயிடுச்சு. பீடி பத்த வெக்கிறேன், ஒரு பொறி விழுந்துச்சு. தீயே வரல சார்! சிவப்பா ஒரு கோடு துண்டு மேல ஊருது. ஊதறேன், தட்டறேன், நிக்க மாட்டேங்குது. உப்பு பட்ட இடமாப் பாத்து ஊர்ந்து ஊர்ந்து, பட்ட இடத்தோட நின்னுச்சு. வேற பொண்ணா இருந்தா என்ன சொல்லும்? "அப்பா, கையைச் சுட்டுக்கிட்டீங்களா?"ன்னு கேக்கும். இவ கைதட்டிக் குதிச்சு, "இன்னொரு தடவை பண்ணுங்கப்பா!"ங்கிறா. நல்ல துண்டு சார் அது, மைசூர்ல வாங்கினது.

பதினஞ்சாம் நாள். நான் பல் விளக்கிக்கிட்டு இருக்கேன். தோப்புல இருந்து ஒரு கத்தல், "அப்பா! பூ!" ஓடறேன். செருப்பில்லாம நிக்கிறா, தலையெல்லாம் சிலந்தி நூலு. மரத்துக்கு மரம் ஓடி ஓடி எண்ணிக்கிட்டு இருக்கா. நோட்டுல எழுதறா. எந்த மரத்துல எந்தத் திசையில எத்தனை கொத்துன்னு. எனக்குப் பூ வந்த சந்தோசம். அவளுக்கு வேற என்னமோ சந்தோசம். அந்த மூஞ்சிய நான் அதுவரைக்கும் பாத்ததில்ல சார். வயசுக்கு வந்தப்பவும் இல்ல, பட்டு எடுத்துக் குடுத்தப்பவும் இல்ல.

சரி. சித்திரையில காய் திரண்டுடுச்சு. மாங்கூழ் ஆலைக்காரர் தருமலிங்கம் காய் பாக்க வந்தாரு. பெரிய மனுசன். நாலு லாரி, ரெண்டு குளிர்சாதனக் கிடங்கு. காயைப் பாத்தாரு, மோர் கொண்டாந்த வெண்ணிலாவைப் பாத்தாரு. ஒரே வாரத்துல பையன் ஜாதகத்தோட ஆள் அனுப்பிட்டாரு! எனக்குக் கால் தரையில படல. சொந்தமா ஆலை சார்! பையனும் சாது, குடி கிடி கிடையாது. நான் மரகதத்துகிட்ட மண்டபம் எல்லாம் பேச ஆரம்பிச்சிட்டேன்.

அதே வாரம் அவளுக்குப் பெங்களூர்ல இருந்து கடுதாசி. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைச்சிருச்சு. எத்தனை வருசம்மான்னேன். "அஞ்சு"ன்னா. அஞ்சு வருசம் சார்! என்ன ஆராய்ச்சிடின்னா, "உப்புதான்பா"ங்கிறா. உப்புல அஞ்சு வருசம் ஆராய என்ன இருக்கு? நான் அம்பது வருசமாச் சோத்துல போட்டுக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாத உப்பா? கத்தினேன். அவளும் கத்தினா. மரகதம் பாட்டுக்குச் சமைச்சா. குழம்புல உப்பு மட்டும் போடல. மூணு நாள் உப்பில்லாம சாப்பிட்டேன்.

கடைசியில நான்தான், சாமிய விட்டுருவோம், வேடியப்பன் சொல்லட்டும்னேன். எங்க கோயில்ல சாம்பக்குறின்னு ஒரு வழக்கம். தாம்பாளத்துல பச்சரிசி பரப்பி, அது மேல ஒரு வெள்ளைத் தாளை விரிப்பாங்க. தாளுக்கு நடுவால ஒரு ஊதுபத்தியக் குத்தி அரிசியில நிறுத்துவாங்க. இடப்பக்கம் குங்குமம், வலப்பக்கம் மஞ்சள். சாம்பல் எந்தப் பக்கம் உதிருதோ அதுதான் உத்தரவு. எங்க பரம்பரையில யாரும் அதை மீறினதில்ல.

வெண்ணிலா ஒத்துக்க மாட்டான்னுதான் நினைச்சேன். கோயில்னாலே வாசல்ல செருப்புக்குக் காவல் இருக்கறவ அவ. ஆனா அவ, "சரிப்பா, குறி பாத்துரலாம். தாள் மட்டும் நான் கொண்டு வர்றேன்"னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு சார். பிள்ளை மனசு இளகிருச்சுன்னு நினைச்சேன்.

எவ்வளவு சிரத்தை தெரியுமா? ரெண்டு நாள் மாடியில உக்காந்து தாள்ல கோலம் போட்டுப் பழகறா. அதுவும் வெறும் தண்ணியில! ஈர்க்குச்சிய ஒரு கிண்ணத்துல தொட்டுத் தொட்டு இழுக்கிறா. என்னம்மா ஒண்ணுமே தெரியலையேன்னேன். "சாமிக்குத் தெரியும்பா"ன்னா. கிண்ணத்த நகத்தி வெக்கலாம்னு தொட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு. பிரிட்ஜ் தண்ணி போல. கொடியில கிளிப் போட்டுத் தாளைக் காய வெச்சா. அரைச்ச மஞ்சளைக்கூட மரகதம் அப்படிப் பத்திரமாக் காய வெச்சதில்ல.

சூளகிரி போயிடுச்சா? ஆமா, மலை தெரியுது. கேளுங்க.

ஆனி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குக் கோயில். கெடா வெட்டு. தருமலிங்கத்தையும் கூப்பிட்டிருந்தேன், சம்பந்தி ஆகப்போறவரு, மரியாதைக்கு. எங்க ஊர் தமிழய்யாவும் வந்திருந்தாரு, ரிட்டையர் ஆன வாத்தியார். பூசாரி தாம்பாளத்துல அரிசி கொட்டினாரு. வெண்ணிலா தாளை விரிச்சா. வெள்ளைத் தாளு, ஒரு பொட்டு அழுக்கு இல்ல. பூசாரி ஊதுபத்திய மேலாப்புல குத்தினாரு. "ஆழமாக் குத்துங்க பூசாரி, காத்து அடிக்குது"ன்னு அவளே வாங்கி, மருந்து பூசின பாகமே தாளுக்குக் கீழ போற அளவுக்கு நல்லா இறக்கி விட்டா. அப்படி ஒரு பொறுப்பு!

இடம் கல்யாணம், வலம் படிப்பு. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு நிக்கிறோம். முதல் சாம்பல், இடது. தருமலிங்கம் தொண்டையக் கனைச்சாரு. ரெண்டாவது கொஞ்சம் ஆடுச்சு, ஆடுச்சு, அதுவும் இடதுலயே விழுந்துச்சு. மூணாவதும் இடது! நான் மரகதத்தத் திரும்பிப் பாத்தேன். அவ கண்ண மூடிக்கிட்டா. "சாமி சொல்லிருச்சப்பா"ன்னு பூசாரி மணிய எடுத்துட்டாரு. வெண்ணிலா மட்டும், "இருங்க, ஊதுபத்தி இன்னும் முடியல"ங்கிறா. சாமியப் பாக்கல சார் அவ, தாளையே பாக்கறா.

ஊதுபத்தி எரிஞ்சு எரிஞ்சு தாளைத் தொட்டுச்சு.

ஐயோ சார்! இப்ப நினைச்சாலும் மயிர் கூச்செறியுது, கையைப் பாருங்க! வெறும் தாள்ல சிவப்பா ஒரு எறும்பு கிளம்புச்சு. அப்புறம் இன்னொண்ணு. ஒண்ணு இடது பக்கமா ஊருது, ஒண்ணு வலது பக்கமா ஊருது. தீ இல்ல, சுவாலை இல்ல, லேசாப் புகை. வளையுது, சுழியுது, திரும்புது. போன வழியெல்லாம் கருப்பு ஓரத்தோட கோடு. கைகோத்து நிக்கிற மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, எழுத்து சார்! தமிழ் எழுத்து! "வேடியப்பா!"ன்னு பூசாரி சாஷ்டாங்கமா விழுந்துட்டாரு. உடுக்கைக்காரர் உடுக்கையக் கீழ போட்டுட்டாரு. நான் அழுதேன் சார், வெக்கப்படாம அழுதேன். எங்க தெய்வம், எங்க பிள்ளைக்காக, கையெழுத்துப் போட வந்திருச்சு.

தமிழய்யா கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டு முன்னால வந்தாரு. படிச்சாரு. மூஞ்சி செவந்துபோச்சு. இருமறாரு. "ஐயா, சத்தமாச் சொல்லுங்க"ன்னு எல்லாரும் கத்தறாங்க. "க... ல... வி..."ன்னாரு. "கலவி"ன்னா என்னன்னு யாருக்கும் தெரியல. மரகதம், பாவம், அவளுக்குத் தெரிஞ்சது சமையக்கட்டு, "கலவை சாதமா அய்யா? விருந்துக்குச் சொல்லுதோ?"ங்கிறா. தமிழய்யா என் காதுகிட்ட வந்து, "அது... வந்து... கணவனும் மனைவியும்... கூடறது"ன்னாரு. காதுலதான் சொன்னாரு, ஆனா அவருக்கு முப்பது வருசம் வகுப்பெடுத்த குரல். கடைசி வரிசை வரைக்கும் கேட்டுருச்சு.

அப்புறம் என்ன! பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க. தருமலிங்கம் தொடையில தட்டி, "சாமிக்கே அவசரம் மாதப்பா! ஆவணியிலயே வெச்சுருவோம்!"ங்கிறாரு. எனக்குச் சிரிப்பும் வருது, வெக்கமும் வருது, பெருமையும் வருது. எங்க தெய்வம் கொஞ்சம் முரடு, வேட்டைக்கார சாமி, சுத்தி வளைச்சுப் பேசாது.

வெண்ணிலா மட்டும் கத்தறா. "புள்ளி! புள்ளி எரியல! அது கல்வி! கல்வி!" அழறா சார். தாளைக் காட்டிக் காட்டி அழறா. அப்ப தமிழய்யாதான் கையை உசத்தினாரு. "பொறுங்க. பொண்ணு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அந்தக் காலத்து ஓலைச்சுவடியில புள்ளி வெக்க மாட்டாங்க. குத்தினா ஓலை பொத்துப்போயிடும். வேடியப்பன் பழைய சாமி. பழைய வழக்கத்துல எழுதியிருந்தா இது கல்வி. இன்னைய வழக்கத்துல எழுதியிருந்தா இது மத்தது."

பாத்துக்குங்க சார், ஒரு புள்ளி! ல மேல ஒரு புள்ளி இருந்தா எம் பொண்ணு பெங்களூர். இல்லாட்டி ஆவணியில கல்யாணம். சாமிக்குப் புதுத் தமிழ் தெரியுமா தெரியாதான்னு அரை மணி நேரம் வாக்குவாதம். "போன வருசம்தானே சாமிக்கு டியூப் லைட் போட்டோம், புதுசு தெரியாமயா இருக்கும்?"னு பூசாரி கேக்கிறாரு. கடைசியில கறி வெந்து மணம் வந்துருச்சு. தாள் சாமி முன்னாலயே இருக்கட்டும், சாப்பிட்டுட்டு வந்து பேசிக்கலாம்னு எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க.

சாப்பிட்டுட்டு வந்து பாத்தா... புள்ளி!

ஆமா சார். ல மேல, அச்சு வெச்சாப்புல, வட்டமா, கருப்பு ஓரத்தோட ஒரு பொத்தல். கல்வி! தமிழய்யா மேல்துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, "புதுத் தமிழ்தான்! பிழை திருத்தியிருக்கார்!"னு கத்தினாரு. தருமலிங்கம் நல்ல மனுசன், வெலவெலத்துப்போயி, கன்னத்துல போட்டுக்கிட்டு, "சாமி ரெண்டு தடவை சொல்லிருச்சு, அதுக்கு மேல நான் யாரு?"ன்னு கிளம்பிட்டாரு. காயை மட்டும் எடுத்துக்கிட்டாரு. அதுல ஒண்ணும் வருத்தமில்ல.

வெண்ணிலா என்ன பண்ணினா தெரியுமா? சாமி கும்பிடல. தாளைக் கையில எடுத்தா. அந்தப் புள்ளிய வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சுப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. "இது எப்படிப்பா எரிஞ்சுது?"ன்னா. சாமி சித்தம்மான்னேன். கிட்ட வந்து என் வலது கையைப் புடிச்சு, விரலைத் திருப்பிப் பாத்தா. சாம்பல் ஒட்டியிருந்துச்சு, கோயில்னா ஒட்டாதா? துப்பட்டா நுனியால அதைத் துடைச்சு விட்டா. துடைக்கிறா, துடைக்கிறா, சாம்பல் போன பின்னாலயும் துடைச்சுக்கிட்டே இருக்கா. அப்புறம் சிரிப்பும் அழுகையுமா, "எல்லாம் நம்ம வெடியுப்பன் செயல்பா"ன்னா. வேடியப்பன்மா, வேடியப்பன்னு திருத்தினேன். பிள்ளைக்கு சந்தோசத்துல நாக்குக் குழறிப்போச்சு.

அத்திப்பள்ளி வந்துருச்சு. நான் இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கணும் சார். இறங்கறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். நீங்க படிச்சவரா இருக்கீங்க. பாதியில இருந்து வாயப் பொத்திப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே வர்றீங்க, பரவால்ல. இதை எம் பொஞ்சாதிகிட்டகூடச் சொல்லல. உங்க பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, அதனால சொல்றேன்.

அந்தப் புள்ளிய வெச்சது நான்தான் சார்.

மெதுவாப் பேசுங்க, கண்டக்டர் பாக்கறாரு. பந்தியில என்னை உக்கார வெச்சு எலை போட்டாங்க. நிமிந்து பாத்தேன். புளியமரத்தடியில வெண்ணிலா தனியா உக்காந்திருக்கா. செருப்பில்லாம. அன்னிக்குப் பூவப் பாத்து நின்னாளே, அதே பிள்ளைதான், ஆனா அந்த மூஞ்சி இல்ல. அணைஞ்சுபோச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. மரத்துல பூ வரலைன்னா ஊரெல்லாம் அலைஞ்சேன், உப்பு வாங்கி அடிச்சேன். என் வீட்டுக்குள்ள ஒண்ணு தானாப் பூத்து நிக்குது, அதைப் பறிச்சு நான் ஆலைக்கு அனுப்பப் பாத்தேனே! கை கழுவற மாதிரி எழுந்திரிச்சு கோயிலுக்குள்ள போனேன். யாரும் இல்ல. சாமியும் நானும். எரிஞ்சுக்கிட்டு இருந்த இன்னொரு ஊதுபத்திய எடுத்தேன். வேடியப்பா, நீ கலவின்னுதான் எழுதின, எனக்குத் தெரியும். நீ சொன்னதை மாத்தற பாவம் என்னைச் சேரட்டும், எம் பிள்ளையச் சேர வேணாம். மன்னிச்சுக்கோன்னு சொல்லி, ல மேல லேசா, ரொம்ப லேசா, ஒரு தொடு தொட்டேன்.

இப்பச் சொல்லுங்க. வெறும் தாள்ல ஊதுபத்திய வெச்சா என்ன ஆகும்? பழுப்பாச் சுட்டுட்டு நிக்கும். நிக்கல சார்! நான் தொட்டதுதான் தாமதம், உஸ்ஸுன்னு, தானா வட்டமாச் சிவந்து, புள்ளி எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு எரிஞ்சு, அதோட நின்னுபோச்சு. நான் நினைச்ச அளவு இல்ல அது. அது நினைச்ச அளவு. என் கை படறதுக்கு முன்னாலயே அந்த இடத்துல ஒரு புள்ளி, என்னிக்குடா இந்த மாதப்பன் வந்து தொடுவான்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி!

ஏன் சார் கண்ணத் துடைக்கிறீங்க? மாம்பழச் சாறு பட்டுருச்சா? இந்தாங்க துண்டு, ஓட்டையா இருக்குற பக்கம் வேணாம், இந்தப் பக்கம்.

சரி, எந்திரிக்கிறேன். அங்க ஸ்டாப்பிங்ல நீலச் சுடிதார்ல நிக்குது பாருங்க, கையாட்டுது, அதான் வெண்ணிலா. இறங்கிப் பேசுறதா இருந்தா வாங்க, பழம் நிறைய இருக்கு. ஆனா புள்ளி சமாச்சாரத்த மட்டும் அவகிட்ட மூச்சு விட்டுராதீங்க சார். அன்னியில இருந்துதான் அதுக்குக் கொஞ்சம் பக்தியே வந்துருக்கு. பாவம், அத்தனையும் சாமியே எழுதினதுன்னு நம்பிக்கிட்டு இருக்கா.